மூக்கில் அடிக்கும் அட்ரினலின்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் புளியமரம் ஏறுகிறவர்களுக்கும், 100 நாள் வேலையில் புதர் வெட்டுகிறவர்களுக்கும் கதண்டு என்கிற பெரிய குளவியின் பயம் எப்போதும் உண்டு. கூடு கலைந்து ஒரு கூட்டமே மொய்த்துவிட்டால் விஷத்தின் அளவே ஆளைச் சாய்த்துவிடும், சிறுநீரகம் வரை பாதிக்கும். அது யாருக்கும் நேரலாம். நான் எழுத வந்தது வேறு ரகம். ஒரே ஒரு கொட்டு, ஆனால் பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, குரல் கம்மல், மூச்சிரைப்பு, அப்புறம் மயக்கம். பக்கத்தில் நின்றவருக்கும் அதே கதண்டுதான் கொட்டியிருக்கும், அவர் கையைத் தேய்த்துக்கொண்டு சும்மா நிற்பார்.

இதற்கு அனாபிலாக்சிஸ் என்று பெயர். முன்பு எப்போதோ வாங்கிய கொட்டில் அந்த விஷத்தைப் பகையாகக் குறித்துக்கொண்ட உடம்பு, அதற்கென்று ஐ.ஜி.இ என்ற எதிர்ப்புரதத்தை உண்டாக்கி அலர்ஜி ரசாயனங்களைச் சேமித்து வைத்திருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டி வைத்திருக்கும். மறுபடி அதே விஷம் வந்ததும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலான ரசாயனங்களை ஒரே மூச்சில் கொட்டிவிடுகின்றன. ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. அதோடு, ஓட்டை விழுந்த சொட்டுநீர்க் குழாய் மாதிரி அவற்றின் சுவர் வழியே நீர் கசியத் தொடங்குகிறது. கடுமையான நிலையில் ரத்தத்தின் கன அளவில் 35 சதவீதம் வரை பத்து நிமிடத்துக்குள் குழாயை விட்டு வெளியேறிவிடலாம். பி.பி. சரிகிறது, மூச்சுக்குழல் சுருங்குகிறது, தொண்டை வீங்குகிறது. வேர்க்கடலை, இறால், ஊசி வழியே ஏறும் ஆன்டிபயாடிக் என்று எதனாலும் இது வரலாம்.

பிரிட்டனில் இப்படி இறந்தவர்களின் விவரங்களைத் தொகுத்து 2000-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. மூச்சோ இதயமோ நின்றுபோக ஆன நேரத்தின் நடுமதிப்பு உணவால் வந்ததற்கு 30 நிமிடம், பூச்சிக்கொட்டுக்கு 15 நிமிடம், மருந்து ஊசியால் வந்ததற்கு 5 நிமிடம். வத்தல்மலையிலோ சித்தேரியிலோ அஞ்செட்டி காட்டோரத்திலோ இருப்பவருக்கு 15 நிமிடம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மலையிலிருந்து அங்கே வந்து சேர்வதற்குள் அந்த நேரம் கரைந்துவிடும்.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின். 1901-லேயே ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினே தூய்மையாகப் பிரித்தெடுத்த பழைய சரக்கு. ஒரே மருந்து மூன்று இடத்தில் வேலை செய்கிறது: விரிந்த ரத்தக்குழாய்களை இறுக்குகிறது, இதயத்தை வேகமாகவும் பலமாகவும் அடிக்கவைக்கிறது, மூச்சுக்குழலைத் திறக்கிறது. போதாததற்கு, மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டுவதையும் மட்டுப்படுத்துகிறது. ‘அலர்ஜி ஊசி’ என்று நம் ஊரில் பலரும் கேட்டு வாங்கும் ஏவில் இதில் எதையும் செய்யாது. அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும், அவ்வளவுதான். ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்கில் ஆகும். இவை இரண்டையும் போட்டுவிட்டு அட்ரினலினுக்குத் தயங்குவதுதான் ஆபத்தான பழக்கம்.

அட்ரினலினை மாத்திரையாக விழுங்க முடியாது. குடல் சுவரிலும் கல்லீரலிலும் இருக்கும் நொதிகள் அதை ரத்தத்துக்குப் போகுமுன்பே சிதைத்துவிடும். அதனால் ஊசி. அதுவும் தொடையின் வெளிப்பக்கத் தசையில். குழந்தைகளிடம் நடந்த ஒரு ஆய்வில், தொடைத் தசையில் போட்டபோது சராசரியாக 8 நிமிடத்தில் ரத்தத்தில் உச்ச அளவு வந்தது. தோலுக்கடியில் போட்டபோது 34 நிமிடம் ஆனது. அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், பெரியவர்களுக்கு அதிகபட்சம் 0.5 மில்லிகிராம். வெளிநாடுகளில் இதையே தொடையில் வைத்து அழுத்தினால் போதும் என்கிற பேனா வடிவில் நோயாளியே பையில் வைத்திருப்பார். ஆனால் அந்தப் பேனா கையில் இருந்தும் ஊசி என்பதாலேயே தள்ளிப்போடுகிறவர்கள் அங்கேயும் ஏராளம்.

சரி, மூக்கில் அடித்தால் என்ன? கேட்க எளிதாக இருக்கிறது. மூக்கின் உட்சவ்வில் ரத்தக்குழாய்கள் அடர்ந்திருக்கின்றன, கல்லீரலைச் சுற்றிவர வேண்டியதும் இல்லை. சிக்கல் அட்ரினலினிடமே இருக்கிறது. அது ரத்தக்குழாய்களைச் சுருக்கும் மருந்து. மூக்கில் ரத்தம் வடிந்தால் நிறுத்துவதற்கு மருத்துவர்கள் பஞ்சில் நனைத்து வைப்பதும் இதைத்தான். அதாவது, பட்ட இடத்தில் தான் உள்ளே போகவேண்டிய வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. மேலும் அது நீரில் கரையும் பொருள் என்பதால் கொழுப்பாலான செல் சவ்வுக்குள் எளிதில் நுழையாது.

இதற்குக் கண்டுபிடித்த வழிதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி. டோடெசில் மால்டோசைடு என்ற துணைப்பொருளைச் சேர்த்தார்கள். ஒரு முனையில் சர்க்கரை, மறு முனையில் கொழுப்பு வால் கொண்ட மூலக்கூறு. மூக்குச் சவ்வின் செல்களுக்கு இடையே இருக்கும் இறுக்கமான இணைப்புகளை அது கொஞ்ச நேரத்துக்குத் தளர்த்துகிறது. அந்த இடுக்கு வழியே அட்ரினலின் நழுவிப் போய்விடுகிறது. அப்படியும் சேதாரம் அதிகம்தான். அதனால்தான் பேனா ஊசியில் 0.3 மில்லிகிராம் இருக்க, ஸ்ப்ரேயில் 2 மில்லிகிராம் வைக்கிறார்கள். அந்த 2 மில்லிகிராமும் 0.1 மில்லிலிட்டர் திரவத்துக்குள் அடக்கம்.

நெஃபி என்ற இந்த ஸ்ப்ரேக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 ஆகஸ்டில் அனுமதி கொடுத்தது, முதலில் 30 கிலோவும் அதற்கு மேலும் எடை உள்ளவர்களுக்கு. 1 மில்லிகிராம் அளவில் சிறுவர்களுக்கானது 2025-ல் வந்தது. நடுவில் ஒரு தடை. நிபுணர் குழு ஆதரித்தும் 2023 செப்டம்பரில் எஃப்.டி.ஏ. அனுமதி தராமல் இன்னொரு ஆய்வு கேட்டது. கேள்வி நியாயமானது: அலர்ஜியின்போது மூக்கே வீங்கி ஒழுகுமே, அப்போது மருந்து ஏறுமா? சோதித்துப் பார்த்ததில், மூக்கு அழற்சியின்போது மருந்து முதலில் இன்னும் வேகமாக ஏறியது, ஆனால் சீக்கிரமே இறங்கியது. முதல் டோஸ் போதாவிட்டால் 5 நிமிடம் கழித்து அதே நாசியில் புது ஸ்ப்ரேயால் இரண்டாவது டோஸ் அடிக்க வேண்டும்.

இதில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அனுமதிக்கு அடிப்படையான ஆய்வுகள் அலர்ஜியில் துடிக்கும் நோயாளிகளிடம் நடந்தவை அல்ல. 175 ஆரோக்கியமான பெரியவர்களின் ரத்தத்தில் மருந்து எவ்வளவு ஏறியது, பி.பி.யும் நாடித்துடிப்பும் எப்படி உயர்ந்தன என்று ஊசியோடு ஒப்பிட்டார்கள். உயிர் போகும் நிலையில் இருப்பவர்களில் பாதிப்பேருக்கு மட்டும் மருந்து கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்க யாராலும் முடியாது என்பதால் இதுவே வழி. மூக்கில் சதை வளர்ச்சியோ அறுவை சிகிச்சையோ இருந்தவர்களுக்கு மருந்து ஏறுவது மாறக்கூடும் என்ற எச்சரிக்கையும் உண்டு. நாக்குக்கடியில் கரையும் பிலிம் வடிவிலும் ஒரு நிறுவனம் முயன்று வருகிறது. அதில் இருப்பது ரத்தத்துக்குள் போனபிறகு அட்ரினலினாக மாறும் பொருள்.

நம் வெயிலுக்கு ஸ்ப்ரே ஒரு விதத்தில் தோதானது. சிறிது காலம் 50 டிகிரி வரை சூடு பட்டாலும் தாங்கும் என்கிறது லேபிள். பேனா ஊசிக்கு அந்த வரம்பு 30 டிகிரிதான், ஏப்ரலில் மாந்தோப்புக்கு எடுத்துப்போனால் அரைநாளில் தாண்டிவிடும். ஆனால் விலையைக் கேட்டால் பேச்சு நின்றுவிடும்: அமெரிக்காவில் அறிமுகமானபோது இரண்டு ஸ்ப்ரேயின் பட்டியல் விலை 710 டாலர். நம் பக்கத்து மருந்துக்கடையில் போய் வாங்கிவரும் பொருளாக அது இன்னும் ஆகவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் 1 மில்லிலிட்டர் அட்ரினலின் ஆம்பூலின், அதாவது சிறு கண்ணாடிக் குப்பியின், விலையோ அற்பம். மலையடிவாரத்தில் இன்றைக்கு உயிரைக் காப்பது அதுதான்.

மருந்து வரும்வரை அல்லது மருத்துவமனைக்குப் போகும்வரை, ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சு விட முடியாவிட்டால் கால் நீட்டி உட்காரலாம். எழுந்து நடக்கவிடவே கூடாது. சட்டென்று நிமிர்ந்த நொடியில் இதயத்துக்கு ரத்தம் திரும்பாமல் இறந்தவர்கள் உண்டு. பைக்கில் நடுவே உட்காரவைத்துக் கூட்டிப்போகும் நம் வழக்கம் இந்த ஒரு விஷயத்தில் ஆகாது. 108-ஐ அழைப்பதுதான் சரி. மருந்து போட்டுத் தெளிந்துவிட்டாலும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும், ஏனென்றால் அட்ரினலின் ரத்தத்தில் நிமிடக்கணக்கில்தான் தங்கும், அலர்ஜி சிலருக்கு இரண்டாவது முறையும் கிளம்பும். முதல் டோஸ் எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பதைக் குறித்து வைத்து ஆம்புலன்ஸில் வருகிறவரிடம் சொல்லுங்கள், அடுத்ததைப் போடுவதா வேண்டாமா என்பதை அவர் அதை வைத்துத்தான் கணக்கிடுவார்.