ஈரக்காற்றில் நச்சுவாயு உணரி: திரையில் தெரியும் எண்ணை எப்போது நம்பலாம்?

30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு ஏறத்தாழ 25,000 நீர் மூலக்கூறுகள் இருக்கும். பணியிடங்களில் எட்டு மணி நேரச் சராசரியாக கார்பன் மோனாக்சைடு 50 பிபிஎம்மை (பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு 50) தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிர்வாகத்தின் வரம்பு. அதாவது, உணரி தேட வேண்டிய ஒவ்வொரு நச்சு மூலக்கூறுக்கும் 500 நீர் மூலக்கூறுகள் போட்டிக்கு நிற்கின்றன. வாயு உணரிகளைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இந்த விகிதத்தை ஒதுக்கிவிட்டு உலோக ஆக்சைடு உணரிகளைப் பற்றிப் பேசுவதில் பயனே இல்லை என்று தோன்றுகிறது.

இந்த உணரிகள் வேலை செய்யும் விதம் எளிமையானது. டின் ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு, டங்ஸ்டன் ஆக்சைடு போன்ற குறைகடத்தித் துகள்களை ஒரு சிறிய ஹீட்டரின் மேல் பூசி, பொதுவாக 200 முதல் 400 டிகிரி வரை சூடாக்குகிறோம். காற்றிலுள்ள ஆக்சிஜன் துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அங்குள்ள எலக்ட்ரான்களைப் பிடித்துவைக்கிறது, மின்தடை உயர்கிறது. கார்பன் மோனாக்சைடோ ஹைட்ரஜன் சல்ஃபைடோ வந்தால் அந்த ஆக்சிஜனோடு வினைபுரிகிறது. பிடிபட்டிருந்த எலக்ட்ரான்கள் விடுபட, மின்தடை இறங்குகிறது. அந்த இறக்கத்தைத்தான் பிபிஎம் என்று மாற்றித் திரையில் காட்டுகிறார்கள்.

நீராவியும் இதே மேற்பரப்பில்தான் வந்து அமர்கிறது. நீர் மூலக்கூறு பிளந்து ஹைட்ராக்சில் குழுக்களாக ஆக்சைடின் மேல் பிணைகிறது. மேலோட்டமாக ஒட்டிய நீர் நூறு டிகிரியைத் தாண்டிச் சற்று மேலே போனதும் வெளியேறிவிடும். வேதிப் பிணைப்பில் அமர்ந்த ஹைட்ராக்சில்கள் அப்படிப் போவதில்லை. உணரியின் வழக்கமான இயங்கு வெப்பத்திலும் அவற்றில் பெரும்பகுதி அங்கேயே இருக்கும். ‘உணரிதான் 300 டிகிரியில் இருக்கிறதே, ஈரம் எப்படி அண்டும்?’ என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். சூடான மேற்பரப்பும் ஈரத்தை ஏற்கும் என்பதே அதற்குப் பதில்.

இதிலிருந்து ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பிழைகள் பிறக்கின்றன. நீர் அமரும்போது ஆக்சைடுக்கு எலக்ட்ரான் கிடைப்பதால் மின்தடை தானாகவே குறைகிறது. வாயுவே இல்லாமல் வாயு இருப்பதுபோல் கருவி காட்டுகிறது. இது பொய் எச்சரிக்கை. வாயுவோடு வினைபுரிய வேண்டிய இடங்களை ஹைட்ராக்சில்கள் பிடித்துக்கொள்வதால், உண்மையான வாயு வரும்போது உணரியின் துலங்கல், அதாவது மின்தடை மாறும் அளவு, பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது. இது தவறவிட்ட எச்சரிக்கை. முதல் பிழை இரண்டாவதற்கு வழி திறந்துவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. மழைக்காலக் காலையில் கருவி காரணமின்றி அலறுகிறது. ஓரிரு முறை ஓடிப்போய்ப் பார்த்துச் சலித்தவர்கள் எச்சரிக்கை அளவைக் கொஞ்சம் உயர்த்திவைக்கிறார்கள், அல்லது அப்போதைய அளவையே பூச்சியமாகக் கொள்ளச் செய்யும் ‘ஜீரோ’ பொத்தானை அந்த ஈரக்காற்றிலேயே அழுத்திவிடுகிறார்கள். துலங்கல் ஏற்கெனவே குறைந்திருக்கும் கருவிக்கு இப்போது வரம்பும் உயர்ந்துவிட்டது. அது இனி அமைதியாக இருக்கும், வாயு கசிந்தாலும்கூட.

நைட்ரஜன் டைஆக்சைடு இன்னும் நுட்பமானது. அது ஆக்சிஜனைப் போலவே எலக்ட்ரானைப் பறித்து மின்தடையை உயர்த்தும் வாயு. ஈரமோ மின்தடையைக் குறைக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கூடினால் ஒன்றை ஒன்று மறைத்துவிடும்.

இத்தனை ஆண்டுகளாக இந்த உணரிகள் வீடுகளில் நன்றாகத்தானே வேலை செய்கின்றன என்ற கேள்வி நியாயமானது. 1962இல் ஜப்பானில் செயாமாவின் குழு துத்தநாக ஆக்சைடுப் படலத்தை வைத்து வாயுவைக் கண்டறிந்து காட்டியது. அதே ஆண்டில் தகுச்சி இவ்வகை உணரிக்குக் காப்புரிமை கோரினார். பின்னர் இவை பரவியது முதன்மையாக எரிவாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவிகளாக. புரோப்பேன் தீப்பற்றத் தொடங்குவது காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தபோது. அதில் பத்தில் ஒரு பங்கில் எச்சரித்தாலும் 2,000 பிபிஎம் ஆகிறது. அவ்வளவு பெரிய சமிக்ஞைக்கு முன்னால் ஈரத்தின் தொல்லை சமாளிக்கக்கூடியது. நச்சுவாயுவுக்கு நாம் கேட்பதோ 10 பிபிஎம், 50 பிபிஎம். எரிவாயுக் கசிவில் சம்பாதித்த நற்பெயரை அப்படியே நச்சுவாயுவுக்கும் நீட்டிக்கக் கூடாது.

அளவுத்திருத்தம் செய்யும் இடத்தில்தான் மிக அதிகமான தவறுகளைப் பார்க்கிறேன். சிலிண்டரில் வரும் திட்ட வாயு, அதாவது செறிவு முன்பே தெரிந்த சோதனை வாயு, முற்றிலும் உலர்ந்தது. அதை நேராக உணரியின் மேல் செலுத்தினால், மேற்பரப்பிலிருந்த ஈரம் மெல்ல வெளியேறத் தொடங்கி, கருவி தான் ஒருபோதும் வேலை செய்யப்போகாத ஒரு நிலைக்குத் திருத்தப்படுகிறது. உலர்ந்த காற்றுக்கும் சற்றே ஈரமான காற்றுக்கும் இடையிலான தாவல்தான் மிகப் பெரியது. அதன்பின் ஈரம் கூடக் கூட மாற்றத்தின் வேகம் குறைகிறது. ஆகவே உலர் வாயுவில் திருத்துவது, இருப்பதிலேயே மோசமான புள்ளியில் திருத்துவதாகும். திட்ட வாயுவை ஈரப்படுத்திய காற்றோடு கலந்து, களத்தில் நிலவும் ஈரத்தில் குறைந்தது இரண்டு நிலைகளிலாவது சோதியுங்கள். குமிழ்விட்டு ஈரப்படுத்துவதாக இருந்தால் காற்றை மட்டும் நீரின் வழியே அனுப்புங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு, அம்மோனியா போன்றவற்றை அனுப்பினால் நீரே அவற்றைக் கரைத்துக்கொண்டு உங்களை ஏமாற்றும்.

ஈரத்திருத்தம் செய்யும் மென்பொருளிலும் ஒரு பொதுவான தவறு உண்டு. பலர் ஒப்பு ஈரப்பதத்தை, அதாவது சதவீதத்தை, அப்படியே சமன்பாட்டில் போடுகிறார்கள். 10 டிகிரியில் 80 சதவீதம் என்றால் காற்றில் நீராவி ஒரு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. 35 டிகிரியில் அதே 80 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட நாலரை சதவீதம். சூடான உணரியின் மேற்பரப்புக்குத் தெரிவது இந்த உண்மையான நீராவி அளவுதான். எனவே வெப்பநிலையையும் சேர்த்து அளந்து, தனி ஈரப்பதமாக, அதாவது காற்றிலுள்ள உண்மையான நீராவி அளவாக, மாற்றியே திருத்த வேண்டும். ஈரமானியை உணரியின் ஹீட்டருக்கு ஒட்டிவைத்தால் அது வெதுவெதுப்பான காற்றை அளந்து ஈரம் குறைவு என்று சொல்லும். அந்த வெப்பநிலையை அங்கேயே அளக்காவிட்டால் கணக்கு மீண்டும் பிசகும்.

பொருளின் பக்கம் நல்ல வேலைகள் நடந்திருக்கின்றன. டின் ஆக்சைடில் பல்லேடியத்தைச் சிறிதளவு ஏற்றினால் ஈரத்தால் வரும் இழப்பு குறைகிறது. நிக்கல் ஆக்சைடைச் சேர்த்தால், நீரை அது தன்பக்கம் இழுத்துக்கொண்டு டின் ஆக்சைடின் மேற்பரப்பை ஓரளவு காப்பாற்றுகிறது. இண்டியம் ஆக்சைடின் மேல் சீரியம் ஆக்சைடுத் துகள்களை அமைத்தால், சீரியம் தன் இரு ஆக்சிஜனேற்ற நிலைகளுக்கிடையே மாறிமாறி ஹைட்ராக்சில்களை அகற்ற உதவுகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு எனக்கு மிகவும் பிடித்தது காப்பர் ஆக்சைடு - டின் ஆக்சைடு இணை. சாதாரணக் காற்றில் இவ்விரண்டின் சந்திப்புகள் மின்னோட்டத்தைத் தடுத்து மின்தடையை மிக உயர்வாக வைத்திருக்கின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடு வந்ததும் காப்பர் ஆக்சைடு உலோகத்தைப் போல் மின்கடத்தும் காப்பர் சல்ஃபைடாக மாறி, அந்தத் தடுப்பு சரிந்துவிடுகிறது. பிடிபட்ட எலக்ட்ரான் விடுபடும் வழக்கமான வழியைத் தாண்டிய தனி வேதிவினை என்பதால், சமிக்ஞை பெரிது, மற்ற வாயுக்களிலிருந்து பிரித்தறியும் தெரிவுத்திறனும் அதிகம். குறையும் உண்டு: வாயு போன பிறகு பழைய நிலைக்குத் திரும்பச் சூடும் நேரமும் தேவை.

இவற்றில் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. ஈரத்தைத் தாங்கும் சேர்மானம் சில நேரம் வாயுவுக்கான துலங்கலையும் குறைக்கும். நீர்விலக்கிப் படலம் போட்டால் உணரி மந்தமாகும். அதோடு, சிலிக்கோன் பசைகளிலிருந்தும் எண்ணெய்களிலிருந்தும் எழும் ஆவி சூடான மேற்பரப்பில் சிலிக்காவாகப் படிந்துவிட்டால், எந்தச் சேர்மானமும் அந்த உணரியை மீட்காது. ஆகவே ஓர் ஆய்வுக் கட்டுரையில் ‘பத்து மடங்கு துலங்கல்’ என்று படித்தால், முதலில் அது எந்த ஈரத்தில் அளக்கப்பட்டது என்று தேடுங்கள். டேட்டாஷீட்டிலும் இதையே பாருங்கள். 20 டிகிரி, 65 சதவீத ஈரம் என்ற ஒற்றைப் புள்ளியில் வரைந்த கோட்டை மட்டும் கொடுத்து, மற்ற ஈரநிலைகளில் என்ன ஆகும் என்ற வரைபடத்தைத் தராத உணரியை நச்சுவாயு எச்சரிக்கைக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாக்கடைக் குழி, கழிவுநீர்த் தொட்டி, மூடிய கிணறு போன்ற இடங்களுக்குள் ஆளை இறக்க மலிவான உலோக ஆக்சைடு உணரியின் எண்ணை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். அங்கே காற்று ஏறத்தாழ ஈரம் நிறைந்த நிலையில் இருக்கும், ஆக்சிஜனும் குறைந்திருக்கலாம். இந்த உணரி தன் வேலைக்கே மேற்பரப்பு ஆக்சிஜனை நம்பியிருப்பதால், ஆக்சிஜன் குறைந்தாலும் அதன் கணக்கு தவறும். மூக்கையும் நம்ப முடியாது: 100 பிபிஎம் அளவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாசனை உணர்வையே மழுங்கச் செய்துவிடும். அத்தகைய இடங்களுக்கு ஆக்சிஜன், தீப்பற்றும் வாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு நான்கையும் தனித்தனி உணரிகளால் அளக்கும் சான்றளிக்கப்பட்ட கருவி வேண்டும். இறங்கும் நாளன்றே அதைத் திட்ட வாயுவால் சோதித்து, மேல், நடு, அடி என்று குழியின் ஒவ்வொரு மட்டத்திலும் காற்றை இழுத்து அளந்துவிட்டு, உள்ளே வேலை நடக்கும் நேரம் முழுவதும் அணைக்காமல் வைத்திருக்க வேண்டும்.