கிணற்றில் குதித்த பழக்கம் லண்டன் நீரில் செல்லாது

மே மாத லண்டனில் ஒரு நாள் வெயில் 28 டிகிரி அடிக்கும். அன்றைக்கே கிழக்கு லண்டனின் பழைய கப்பல் துறையான ராயல் விக்டோரியா டாக் போன்ற ஆழமான இடத்தில் தண்ணீர் 15 டிகிரியை ஒட்டியே இருக்கலாம். தமிழ்நாட்டுச் சமவெளிக் கிணற்று நீர் பெரும்பாலும் 25 டிகிரிக்கு மேல்தான். அதில் தலைகீழாகப் பாய்ந்து பழகியவர்களின் துணிச்சல்தான் இங்கே கவலைப்பட வைக்கிறது.

15 டிகிரிக்குக் குறைந்த நீரில் திடீரென மூழ்கினால், நம்மைக் கேட்காமலே ஒரு பெருமூச்சு உள்ளே இழுக்கும். அந்த நொடியில் வாய் தண்ணீருக்கடியில் இருந்தால் நுரையீரலுக்குள் போவது தண்ணீர். தொடர்ந்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும், இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். இந்தக் குளிர் அதிர்ச்சி 60 முதல் 90 நொடிகளில் அடங்கிவிடும். அதுவரை எவ்வளவு நீச்சல் தெரிந்தாலும் பயனில்லை.

அதனால் குதிக்காதீர்கள். ஏணியில் நின்று, முகத்திலும் கழுத்திலும் நீரை அள்ளித் தெளித்து, மூச்சை நீளமாக வெளியே விட்டபடி இறங்குங்கள். ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிந்த பிறகே கைப்பிடியை விடலாம். அதற்கு முன் மூச்சடக்கி முகத்தை அமிழ்த்த வேண்டாம்: குளிர்ந்த தோல் இதயத்தை விரட்டும், அமிழ்ந்த முகம் அதை மெதுவாக்கும், இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் துடிப்பு தாறுமாறாகலாம். தெற்காசியர்களிடம் இதய நோய் அதிகம். பிரஷருக்கோ இதயத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. தவறி விழுந்துவிட்டால் நீந்தப் போராடாமல், காது நனையத் தலையைப் பின்னால் சாய்த்து மல்லாந்து மிதந்திருங்கள்.

நீரின் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு நிமிடம் உள்ளே இருக்கலாம் என்று சிலர் போடும் கணக்கு புதியவர்களுக்குச் சரிவராது. 10 டிகிரி நீரில் முதல்முறை 2, 3 நிமிடமே போதும். விரல்களைச் சேர்த்து வைக்க முடியாமல் விரிந்து நின்றால் தசை குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம், உடனே கரையேறுங்கள். டாக்கின் சுவர்கள் செங்குத்தானவை, எனவே ஏறும் ஏணியை முன்பே பார்த்து வையுங்கள். இடுப்பில் கட்டும் ஆரஞ்சு மிதவை நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும், ஆனால் அது உயிர்காப்பு ஜாக்கெட் ஆகாது.

கரையேறிய பிறகும் 10 முதல் 30 நிமிடம் வரை உள்ளுடல் வெப்பம் இறங்கிக்கொண்டே போகும். நடுக்கம் உச்சத்துக்கு வருவதும் அப்போதுதான். ஈர உடையை மேலிருந்து கழற்றி, துடைத்து, தொப்பியும் அடுக்கடுக்காக உடையும் போட்டு, சூடான டீயை மெல்லக் குடியுங்கள். உடனே சுடுநீரில் நின்றால் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து, அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். நடுக்கம் நிற்கும்வரை கார் ஓட்டாதீர்கள்.

தொடங்குவதற்கு உயிர்காப்பாளர் உள்ள இடமே சரி: ஹைட் பார்க் ஏரியில் நீந்துவதற்கான செர்பென்டைன் லிடோ, ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தின் குளங்கள். தேம்ஸில் மேற்கே புட்னி பாலத்துக்கும் கிழக்கே கிராஸ்னஸுக்கும் இடையே அனுமதியின்றி நீந்தத் தடை உண்டு.

லண்டனின் பழைய சாக்கடைகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன, பெருமழையில் அது நிரம்பி ஆற்றில் வழியும். அந்த வழிசலைப் பிடித்துவைக்கும் 25 கிலோமீட்டர் நீள டைட்வே சுரங்கம் வந்தபின் தேம்ஸில் கலக்கும் கழிவு வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் பெருமழைக்குப் பின் 48 மணி நேரம் ஆற்றைத் தவிர்ப்பது நல்லது. கோடையில் பச்சைப் பெயிண்ட் கொட்டியது போலப் படலம் மிதந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம், இறங்காதீர்கள். காயம் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள், எலிச் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் அந்த வழியாகவும் கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையலாம். அது பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்தே தலைகாட்டும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால், ஏரியிலோ ஆற்றிலோ நீந்தியதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண ஃப்ளூ என்றே நினைக்கத் தோன்றும்.