பிரேக் ஆயில் குடித்த தண்ணீர்

மன்னார்குடிப் பக்கத்துக் களத்தோரங்களில், பல ஐப்பசி மழைகளில் நனைந்து, டயர் பாதி மண்ணில் புதைந்த டிராக்டர் டிரெய்லர்களைப் பார்க்கலாம். அவற்றுள் ஹைட்ராலிக் பிரேக் உள்ள வண்டியை மீண்டும் ஓட்ட நினைப்பவர் முதலில் பெயிண்ட் வாங்கப் போகிறார். பிரேக்கைத் திறப்பதே இல்லை. டெல்டா சமதரைதானே என்பது அவர் வாதம். நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லர், வெண்ணாற்றுப் பாலத்தின் இறக்கத்தில் டிராக்டரைப் பின்னாலிருந்து தள்ளும்போது அந்த வாதம் நிற்பதில்லை.

அந்தத் தள்ளுதலையே பிரேக்காக மாற்றும் அமைப்பு ஒன்று உண்டு. டிராக்டர் வேகம் குறைந்ததும், டிரெய்லரின் பாரம் முன்னே வந்து, இழுவைக் கம்பியில் உள்ள மாஸ்டர் சிலிண்டரின் தண்டை அழுத்துகிறது. அதிலிருந்து தள்ளப்படும் பிரேக் ஆயில், குழாய் வழியே சக்கரத்தில் உள்ள வீல் சிலிண்டருக்குப் போய் அதன் பிஸ்டன்களைத் தள்ள, அவை ஷூ என்ற உராய்வுக் கட்டையைச் சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்தும். மாஸ்டர் பிஸ்டனின் விட்டம் முக்கால் அங்குலம், வீல் சிலிண்டருடையது ஓர் அங்குலம் என்று கொள்வோம். பாஸ்கல் விதிப்படி, அடைபட்ட ஆயிலில் அழுத்தம் எங்கும் ஒன்றே. பரப்பு 16-க்கு 9 என்ற விகிதத்தில் இருப்பதால், 100 கிலோ அழுத்தினால் ஒவ்வொரு சக்கரப் பிஸ்டனும் ஏறத்தாழ 178 கிலோ விசையுடன் ஷூவைத் தள்ளும். இது இலவசமாகக் கிடைப்பதன்று. இரு சக்கரங்களிலும் சேர்த்து நான்கு பிஸ்டன்கள் 1 மி.மீ. நகர, மாஸ்டர் பிஸ்டன் 7 மி.மீ.க்கு மேல் நகர வேண்டும். அதனால்தான் குழாயில் தங்கிய சிறு காற்றுக்குமிழிகூட, தான் சுருங்கிக்கொண்டு, அந்த நகர்வை விழுங்கிவிடுகிறது.

நின்ற வண்டியைக் கெடுப்பது தண்ணீர். கிளைக்கால் என்னும் வேதிப்பொருளில் செய்த பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தன்னுள் கரைத்துக்கொள்ளும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் அந்த வரம்பு 140 டிகிரி. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் கொதிப்பதைவிடத் துருப்பிடிப்பதே பெரிய தொல்லை. டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கினால், காபித்தூள் குழைத்தாற்போன்ற சகதி வடியும்; பிஸ்டன் அசையாது. உட்சுவரில் லேசான கறை மட்டும் என்றால் தேய்த்துச் சரிசெய்யலாம். நகத்தால் வருடும்போது குழி தட்டினால் சிலிண்டரையே மாற்றுவது நல்லது, ஏனெனில் ஆயில் கசியாமல் பிஸ்டனோடு அடைத்து நிற்கும் ரப்பர் கப்பைப் புதிதாகப் போட்டாலும் அந்தக் குழி அறுத்துவிடும்.

பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். அப்போது பிரேக் பிடிக்கும், விடாது. வேதாரண்யம் போன்ற கடலோரத்து வண்டிகளில் இரும்புக் குழாயை உப்புக் காற்று வெளியிலிருந்தும் அரித்திருக்கும். இவ்விரண்டையும் சோதித்துக்கொண்டிராமல் மாற்றிவிடுவதே என் வழக்கம்.

கழுவுவதற்குப் புதிய பிரேக் ஆயிலோ ஸ்பிரிட்டோ மட்டும் போதும். டீசல், மண்ணெண்ணெய், டிராக்டரின் ஹைட்ராலிக் ஆயில் ஆகியவை இந்த ரப்பரை ஊதிப் பெருக்கச் செய்துவிடும். அவசரத்துக்கு ஒரு கரண்டி ஊற்றியதால் எல்லா கப்புகளையும் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

பிறகு ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்து, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுக்க, அதாவது குழாயில் தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். வீல் சிலிண்டரில் காற்றை வெளிவிடும் சிறு திருகான நிப்பிளில் மாட்டிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயின் மறுமுனை ஆயிலில் மூழ்கியிருக்க, குமிழி நின்று தெளிந்த ஆயில் வரும்வரை, ஒருவர் தண்டை அழுத்த மற்றவர் நிப்பிளைத் திறந்து, தண்டை விடுவதற்கு முன்பே மூடிவிட வேண்டும். முதல் பாரத்துக்குப் பின் இரு டிரம்களின் அருகிலும் கையைக் கொண்டுசென்று பாருங்கள்: ஒன்றில் மட்டும் அனல் அடித்தால், குளிர்ந்த பக்கம் பிடிக்கவில்லையா, சூடான பக்கம் விடவில்லையா என்று இன்னொரு முறை திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.