மிஷ்பாத்: நியாயமா, முறையா?

எபிரேயத் தீர்க்கதரிசிகள் அடிக்கடி ஆளும் சொல் ‘மிஷ்பாத்’. பழைய தமிழ் வேதாகமம் இதைப் பெரும்பாலும் ‘நியாயம்’ என்று பெயர்த்திருக்கிறது. தேவாலயத்தில் வளர்ந்தவர்களுக்கு உடனே நியாயத்தீர்ப்பு நாள் நினைவுக்கு வரும். கூடவே ஒரு நடுக்கமும் வரும். ஆனால் ஏழைகளுக்கு மிஷ்பாத் காத்திருந்து பெற வேண்டிய நன்மை.

வேர்ச்சொல் ‘ஷாஃபத்’ (ஓய்வுநாளைக் குறிக்கும் ஷப்பாத் வேறு). வழக்கு விசாரித்தல், தீர்ப்பளித்தல், ஆளுதல் எல்லாம் இதற்குள் அடக்கம். இதில் பிறந்த ‘ஷோஃபெத்’ தமிழில் நியாயாதிபதி. அப்படிப்பட்டவர்களில் ஒருவரான கிதியோனின் புகழ் வழக்காடு மன்றத்தில் வந்ததன்று. மீதியானியரிடமிருந்து மக்களை மீட்டதால் வந்தது. ஏசாயா 1:17 ‘ஷிஃப்து யாதோம்’ என்கிறது: அநாதைக்குத் தீர்ப்புச் செய்யுங்கள். அதாவது, அவன் வழக்கைக் கையில் எடுத்து, அவனுக்குச் சேர வேண்டியதை வாங்கிக் கொடுங்கள்.

இதையே கி.மு. 8ஆம் நூற்றாண்டில் ஆமோஸ் என்ற தீர்க்கதரிசி உரக்கக் கேட்டார். தெக்கோவா ஊர்க்காரர், மந்தை மேய்த்தவர், காட்டத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டவர். இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட வட இஸ்ரவேல் நாடு அப்போது செழித்திருந்தது. வழக்குகள் நகர வாசலில், பழைய மொழிபெயர்ப்பின் அழகிய சொல்லில் ‘ஒலிமுகவாசலில்’, தீர்க்கப்பட்டன. அங்கேயே லஞ்சம் வாங்கி ஏழையின் வழக்கைப் புரட்டினார்கள். ஒரு ஜோடிச் செருப்புக்கு எளியவனை விற்றார்கள். அடகு வாங்கிய ஆடையை விரித்துப் பலிபீடத்தருகே படுத்தார்கள். அடகு ஆடையைப் பொழுது சாயுமுன் திருப்பித் தர வேண்டும் என்பது யாத்திராகமச் சட்டம். ஏழைக்கு இரவில் அதுதானே போர்வை?

நியாயம், நீதி இரண்டும் வடமொழி வழி வந்தவை. மிஷ்பாத்துக்கு நேர்த் தமிழ் ‘முறை’ என்பேன். ‘முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்’ என்ற குறளில் தீர்ப்பும் காப்பும் சேர்ந்தே நிற்கின்றன. முறை கிடைக்காதவன் எழுப்பும் குரலுக்கு முறையீடு என்று பெயர். இன்னொரு பொருத்தமும் உண்டு: 1 சாமுவேல் 2:13இல் ஆசாரியர்களின் ‘மிஷ்பாத்’ என்பது அவர்களது வழக்கம், தமிழிலும் வழக்கத்தை முறை என்கிறோம்.

மிஷ்பாத்தின் இணைச்சொல் ‘ஸெதாக்கா’. இதற்கு ‘நீதி’யைவிட ‘அறம்’ பொருந்தும். இன்றைய எபிரேயத்தில் ஏழைக்குக் கொடுப்பதற்கும் ஸெதாக்கா என்றே பெயர்; நாமும் அதை அறம் செய்தல் என்கிறோம்.