இடைவினை

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான துண்டறிக்கை ஒன்று போன மாதம் என்னிடம் மெய்ப்புக்கு வந்தது. ‘பூஞ்சைக்கொல்லிக்கும் கூட்டு மருந்துக்கும் இடையே எதிர்வினை ஏற்படலாம்’ என்று ஒரு பத்தி. அடுத்த பத்தியிலேயே, ‘எதிர்வினை ஏற்பட்டால் தோலில் தடிப்பும் அரிப்பும் தோன்றும்.’ ஆங்கில மூலத்தில் முதலாவது இன்டராக்‌ஷன், இரண்டாவது ரியாக்‌ஷன். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். இந்தக் கூத்தை இது எத்தனையாவது தடவை பார்க்கிறேனோ!

‘இன்டர்’ லத்தீன், நடுவே, ஒன்றுக்கொன்று என்று பொருள். ‘ஆக்‌ஷன்’ என்றால் செயல். இடை, வினை, சேர்த்தால் இடைவினை. சொற்பிறப்பு அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இயற்பியல் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய சொல். இலங்கையில் இடைத்தாக்கம் என்பார்கள். வேதிவினையையே இரசாயனத் தாக்கம் என்று சொல்கிற வழக்குக்கு அது பொருந்தும். கணினிக்காரர்களின் ‘ஊடாட்டம்’ திரையோடு பழகுவதற்குச் சரி. மாத்திரைக்கு வைத்தால் எனக்கென்னவோ ஊடல்தான் ஞாபகம் வருகிறது.

எதிர்வினையில் என்ன தப்பு என்கிறீர்களா? எதிர்வினை, உடம்பு மருந்துக்குக் காட்டுவது. இடைவினை, ஒரு மருந்து இன்னொரு மருந்துக்குச் செய்வது. பல சமயம் அது உடம்புக்குத் தெரியவே தெரியாது. வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்தையும், எச்.ஐ.வி. கூட்டு மருந்தில் சேரும் எஃபாவிரென்ஸையும் எடுத்துக்கொள்வோம். (இந்தியாவில் எஃபாவிரென்ஸின் இடத்தை இப்போது பெரும்பாலும் டோலுடெக்ராவிர் பிடித்துவிட்டது, இருந்தாலும் உதாரணத்துக்கு இந்த ஜோடிதான் வசதி.) கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் சைட்டோகுரோம் பி450 நொதிகளை எஃபாவிரென்ஸ் முடுக்கிவிடும். வழக்கமான அளவில் சேர்த்துக் கொடுத்தால் ரத்தத்தில் வோரிகோனசோல் ஏறத்தாழ 77 சதவீதம் குறைந்துபோகும். வோரிகோனசோலோ அதே குடும்பத்து நொதிகளைத் தடுப்பது; அதனால் எஃபாவிரென்ஸ் சுமார் 44 சதவீதம் ஏறும். சேர்த்தே கொடுக்க வேண்டி வந்தால் வோரிகோனசோலை வேளைக்கு 200 மி.கி.யிலிருந்து 400 ஆக்கி, எஃபாவிரென்ஸை நாளுக்கு 600 மி.கி.யிலிருந்து 300 ஆக இறக்குவது இதனால்தான்.

துண்டறிக்கையைப் படித்துவிட்டுத் தோலையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, பூஞ்சை மருந்தில் முக்கால்வாசி காணாமல் போனது எப்படித் தெரியும்? ‘எதிர்வினை ஒண்ணும் வரலை டாக்டர்’ என்பார். அவர் படித்த தமிழின்படி அவர் சொல்வது சரி.

‘எதிர்’ இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். அட்டாசானாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தோடு 100 மி.கி. ரிட்டோனாவிர் கொடுப்பது, அட்டாசானாவிர் சீக்கிரம் சிதையாமல் ரத்தத்தில் தங்கவேண்டும் என்பதற்காக. மருத்துவர் வேண்டுமென்றே உண்டாக்குகிற இடைவினை இது. (அதே ரிட்டோனாவிர் இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்தையும் ரத்தத்தில் ஏற்றிவிடும், அது வேறு தலைவலி.) இதைப் போய் ‘எதிர்வினை’, ‘மருந்து மோதல்’ என்றால், யார் யாரோடு மோதினார்கள்?

நம் ஊரில் இதற்கு ஒரு சொல் இல்லாமலில்லை. மருந்து சாப்பிடும்போது அகத்திக்கீரை ஆகாது, மருந்தை முறித்துவிடும் என்பார்கள். முறிப்பு அருமையான சொல். எஃபாவிரென்ஸ் வோரிகோனசோலுக்குச் செய்வது அச்சு அசலாக அதுதான். ஆனால் வோரிகோனசோல் திருப்பிச் செய்வது முறிப்பு இல்லை, தேக்கம். ஒரே ஜோடியில் இரண்டும் நடக்கும்போது இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டாமா?

பூஞ்சைக்கொல்லியையும் விட்டுவிட முடியவில்லை. அது வயலில் தெளிப்பது. ஃப்ளூகோனசோல் போன்றவை பெரும்பாலும் பூஞ்சையைக் கொல்வதுகூடக் கிடையாது, வளரவிடாமல் நிறுத்தும். ‘பூஞ்சை எதிர்ப்பு மருந்து’ என்று எழுதினால் என்ன? ‘எதிர்’ வரவேண்டிய இடம் அதுதான்.

மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டேன். ‘எதிர்வினை மக்களுக்குத் தெரிந்த சொல்’ என்றார். தெரிந்த சொல்தான், வேறு பொருளில். எளிமை வேண்டுமென்றால் இடைவினை என்று தலைப்பிட்டு, ‘ஒரு மாத்திரை இன்னொரு மாத்திரையின் அளவை ரத்தத்தில் கூட்டலாம், குறைக்கலாம்’ என்று கீழே ஒரு வரி போடுங்கள் என்றேன். சரி என்றார்.

நேற்று திருத்திய படி வந்தது. தலைப்பு: ‘எதிர் இடைவினை’.