நீலப் பீப்பாவும் பசுவின் வயிறும்

மாசி மாதத்துச் சாணியை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? மழைக்காலத்தில் சொத்தென்று விழுந்து பரவுகிற சாணி, வறட்சி ஒரு மாதத்தைத் தாண்டியதும் அடை தட்டி அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் குந்திக்கொள்ளும். குச்சியால் கிளறினால் செரிக்காத நார் இழை இழையாக வரும். எங்கள் மாமா விடியற்காலையில் மாட்டுப்பட்டிக்குள் நுழைந்தால் மாட்டின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இதைத்தான் பார்ப்பார். "வயிறு என்னமோ நெறஞ்சுதான் இருக்கு, ஆனா மாடு பட்டினி" என்பார். புல்லுக்கட்டு சுமந்து தோள் காய்த்துப்போன எனக்கு அப்போது கோபம்தான் வரும். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி என்பதைப் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மலையகத்தில் ஏது வறட்சி என்று கொழும்பில் கேட்பார்கள். எங்களுக்கு இரண்டு வறட்சி உண்டு. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை என்று மேற்குச் சரிவில் இருப்பவர்களுக்கு அது தை முதல் பங்குனி வரை. மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கி, மூழ்கிக் கிடக்கும் பழைய மஸ்கெலியாவின் கோயில் தலைகாட்டினால் அதைப் பார்க்க ஊரே திரண்டு போகும். மாடு வைத்திருப்பவனுக்கு மட்டும் அடிவயிறு கலங்கும். பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கத்து ஊவாக்காரர்களுக்கு வறட்சி ஆனியிலிருந்து ஆவணி வரை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போதே மழையைக் கொட்டிவிடுகிறது. ஆவி நீராகும்போது வெளிவிடும் வெப்பம் காற்றிலேயே தங்கிவிடும். ஈரம் தீர்ந்த அந்தக் காற்று மறுபக்கம் இறங்கும்போது, ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை சூடேறும். இதுதான் கச்சான் காற்று. ஹட்டனில் கொங்காணி போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கும் அதே நாளில் வெலிமடையில் புல் முறுக்கிக்கொண்டு நிற்கும். சாதாரண ஆண்டிலேயே இப்படி. 2016இன் கடைசியில் மழை பொய்த்து அடுத்த ஆண்டுக்குள்ளும் இழுத்துக்கொண்டு போனதே, அதுபோன்ற காலத்தில் கேட்கவே வேண்டாம்.

சரி, மாமாவின் பேச்சுக்கு வருவோம். தண்ணீர் குறைந்தால் புல் புது இலை விடுவதை நிறுத்தும். இருக்கிற இலையிலுள்ள நைதரசன் என்ற தழைச்சத்தை அடித்தூருக்கு இறக்கும். தண்டில் லிக்னின் என்ற மரச்சத்து ஏறும். செழிப்பான காலத்தில் உலர் எடையில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு புரதம் இருந்த புல்லில், வறட்சியின் நடுவில் நான்கைந்துதான் தேறும். வைக்கோலும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

புரதம் குறைந்தால் ஏன் வயிறு நிறைந்தும் பட்டினி? புல்லின் நாரைச் செரிக்கும் நொதி மாட்டிடம் இல்லை. அந்த வேலையைச் செய்வது அதன் முதல் வயிறான அசையூண் வயிற்றில் குடியிருக்கும் பாக்டீரியா, ஒருகல உயிரி, பூஞ்சைக் கூட்டம். வளர்ந்த கலப்பினப் பசுவுக்கு அந்த வயிறு 100 லீற்றருக்கு மேல் கொள்ளும். உள்ளே காற்று கிடையாது. வெப்பம் 39 பாகை. மாடு அசைபோட்டு விழுங்கும் எச்சில், அமிலம் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளும். நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்து அசற்றிக் அமிலம், புரோப்பியோனிக் அமிலம் போன்றவற்றை விடும். மாட்டுக்குக் கிடைக்கும் சக்தியில் பெரும்பங்கு அந்த அமிலங்கள்தான். அப்புறம் அந்த நுண்ணுயிர்களே செத்து அடுத்த வயிறுகளுக்குள் போய் மாட்டுக்குப் புரதமாகும்.

இந்தக் கூட்டம் பெருக நைதரசன் வேண்டும், அது கிடைப்பது தீவனத்துப் புரதத்திலிருந்து. தீவனத்தில் புரதம் ஏறத்தாழ 7 சதவீதத்துக்குக் கீழே போனால் கூட்டம் சுருங்கும். ஆள் குறைந்த தொழிற்சாலையில் கொழுந்து தேங்குவதுபோல நார் செரிக்காமல் வயிற்றிலேயே கிடக்கும். கிடப்பது வெளியேறினால்தான் புதிதாகத் தின்ன இடம். ஆகவே மாடு முன்னால் போட்ட புல்லை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். இன்னும் இரண்டு கட்டு காய்ந்த புல் கொண்டுவந்து போட்டாலும் அதே கதைதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விசயம் ஒன்று இருக்கிறது. சிறுநீரில் கழிய வேண்டிய யூரியா என்ற நைதரசன் கழிவில் ஒரு பகுதியை மாடு எப்போதுமே எச்சில் வழியாகவும் வயிற்றுச் சுவர் வழியாகவும் நுண்ணுயிர்களுக்கே திருப்பிக் கொடுக்கிறது. தீவனத்தில் புரதம் குறையக் குறைய, சிறுநீரில் விடும் பங்கைக் குறைத்துத் திருப்பும் பங்கைக் கூட்டும். மாதக் கடைசியில் அம்மா மிச்சச் சோற்றைப் பழையதாக்கி மறுநாளை ஓட்டுவது போன்ற ஏற்பாடு. சில வாரம் தாங்கும். அதற்குமேல் மாடு தன் கொழுப்பைக் கரைக்கும், தசையைக் கரைக்கும், பருவத்துக்கு வருவதை நிறுத்தும்.

பாலிலும் இது தெரியும். அளவு குறைவது ஒருபக்கம். கொழுப்பு நீங்கலான திடப்பொருளும் குறையும், பாலின் அடர்த்தியை அளக்கும் பால்மானி காட்டும் எண் இறங்கும். ஒரு மாசியில், பால் எடுக்கும் இடத்தில் நாலு பேர் முன்னிலையில் "பீலித் தண்ணி கலந்தீங்களா?" என்று மாமாவைக் கேட்டார்கள். பீலி என்றால் எங்கள் பக்கம் ஊற்றுத் தண்ணீர் விழும் குழாய். அவர் ஒன்றும் சொல்லாமல் கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பசித்த மாட்டின் பாலும் அந்த எண்ணைக் காட்டும் என்று சொல்ல அன்று எங்கள் யாருக்கும் தெரியாது.

ஆகவே முதல் வேலை நுண்ணுயிருக்கு நைதரசன் கொடுப்பது. மலிவான வழி மரத்தில் இருக்கிறது. கிளிரிசீடியா இலையின் உலர் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். வேர் ஆழமாக ஓடுவதால் புல் காய்ந்த பிறகும் பச்சையாக நிற்கும். குளிர் கூடிய உயரத்தில் அது அவ்வளவாக வராது, அங்கே முள்முருக்கு இருக்கிறது. கிளிரிசீடியா வாசம் பழகாத மாடு முதலில் மூக்கைச் சுளிக்கும். வெட்டி ஒரு பகல் வாடவிட்டு, புல்லோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்க வேண்டும். கையில் காசு இருந்தால் தேங்காய்ப் புண்ணாக்கு இருக்கவே இருக்கிறது.

இன்னொரு வழி யூரியா வைக்கோல். மகியங்கனை, பொலன்னறுவைப் பக்கம் மாசி பங்குனியில் பெரும்போக அறுவடை முடியும்போது வைக்கோல் வரும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் வரை தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூட வேண்டும். யூரியா அமோனியாவாகி மரச்சத்தின் பிடியைத் தளர்த்தும், நைதரசனும் ஏறும். கீழ்நாட்டில் இரண்டு மூன்று வாரம் போதும். நுவரெலியாக் குளிரில் இன்னும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். திறந்ததும் காற்றாட விட்டுத்தான் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடவே கூடாது. யூரியா கரைத்த வாளியை மாடு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது விஷம். சில மணி நேரத்தில் மாட்டைச் சாய்த்துவிடும்.

இதெல்லாம் வறட்சி வந்த பிறகு செய்வது. மழைக்காலத்துப் புல்லைச் சேர்த்து வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம், ஆனால் மலையகத்தில் புல்லைக் காயவைத்து எடுப்பது பெரும்பாடு. கெடாமல் இருக்க ஈரம் 15 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும். புல் செழித்து நிற்கும் மாதங்களில் எங்களுக்கு ஏது அப்படி நாலு நாள் வெயில்? மூடுபனியில் துணியே காயாது. அதனால்தான் சைலேஜ், அதாவது புல்லைக் காயவைக்காமல் காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைப்பது.

சைலேஜ் பீப்பாவுக்குள் நடப்பது பசுவின் வயிற்றில் நடப்பதற்குத் தம்பி முறை. இங்கேயும் காற்றில்லாத புளிப்புத்தான். புல்லில் ஒட்டியிருக்கும் லக்ரிக் அமில பாக்டீரியாக்கள் அதிலுள்ள சீனியைத் தின்று அமிலம் விடும். அமிலத்தை நடுநிலையாக்க இங்கே எச்சில் சுரப்பதில்லை. ஆகவே புளிப்பு ஏறிக்கொண்டே போய், பிஎச் (புளிப்பு ஏற ஏற இந்த எண் இறங்கும்) 4.2 அளவுக்கு வந்ததும் மற்ற நுண்ணுயிர்கள் அடங்கிவிடும். மாங்காய் ஊறுகாய் கெடாததுபோல அந்தப் புல்லும் மாதக்கணக்கில் கெடாது. மாட்டின் வயிற்றில் புளிப்பு இந்த அளவுக்கு ஏறினால் மாடு பிழைக்காது. பீப்பாவில் ஏறாவிட்டால் புல் பிழைக்காது.

எங்கள் முதல் பீப்பா பிழைக்கவில்லை. கோயம்புத்தூரில் உருவான கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கோ-3 அப்போது எங்கள் காய்கறித் தோட்டத்து வரம்பில் ஆளுயரம் நின்றது. மழை விட்டதும் விடாததுமாக வெட்டி, அப்படியே நறுக்கி, நீலப் பிளாஸ்டிக் பீப்பாவில் அடைத்தோம். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் குழந்தை கக்கிய பால் நாற்றம். கை வைத்தால் வழவழப்பு. மேல்பக்கம் வெள்ளைப் பூஞ்சணம். நேப்பியரில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். அது இன்னும் ஈரமாகப் போனதால் அமிலம் நீர்த்து, கிளஸ்ரீடியம் வகைப் பாக்டீரியா ஆட்டம் போட்டுவிட்டது. அந்த நாற்றம் பியூற்றிரிக் அமிலம். மூடி இறுக்கமில்லாததால் மேலே பூஞ்சணம்.

அடுத்த முறை ஒழுங்காகச் செய்தோம். 45, 50 நாள் வளர்ந்த புல்லை வெயிலில் அரைநாள் வாடவிட்டோம். ஒரு பிடியை முறுக்கிப் பிழிந்தால் கை நனைய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. விரல் நீளத்துக்கும் குறைவாக நறுக்கி, சீனிப்பாகு கொஞ்சம் தெளித்து, பீப்பாவுக்குள் ஆளே இறங்கி மிதித்து மிதித்து அடைத்தோம். மிதிப்பது காற்றை விரட்டத்தான். 200 லீற்றர் பீப்பாவில் 120 கிலோ வரை கொள்ளும். ஒன்றரை மாதத்தில் திறந்தபோது இளமஞ்சள் கலந்த பச்சை. வாசம் கொஞ்சம் கள்ளு மாதிரி. மாடு முதல் வாய்க்கே தலையை உள்ளே விட்டது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 120 கிலோ சைலேஜில் உலர் எடை 30 கிலோ தேறும். பால் வற்றிய பசு ஒன்றை உயிரோடும் ஓரளவு உடம்போடும் வைத்திருக்க நாளுக்கு ஆறேழு கிலோ உலர் தீவனம் வேண்டும். அதாவது ஒரு பீப்பா ஐந்து நாள். அறுபது நாளுக்கு 12 பீப்பா. பாதியை வைக்கோலால் ஈடுகட்டினால் ஆறு. தோட்டத்து வரிசை வீடான லயத்துக் கோடியில் ஒரு மாட்டுக்கு ஆறு பீப்பா வைக்க இடம் இருக்கிறதா, நாலு மாட்டுக்கு எங்கே வைப்பது என்பதெல்லாம் அப்புறம் வரும் வழக்கு.

இந்தக் கணக்கை மாட்டுப் பொங்கலன்றே போட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் பக்கத்து வறட்சி தொடங்குவதும் அப்போதுதான். மாலை போட்டு, பொட்டு வைத்து, பொங்கல் ஊட்டிய கையோடு விற்பனை பற்றிப் பேசுவது யாருக்கும் பிடிக்காது. இருந்தாலும், இருக்கிற தீவனத்துக்கு எத்தனை மாடு தாங்கும் என்று பார்த்து, சினை பிடிக்காததையும் காளைக்கன்றையும் தை முடிவதற்குள் கொடுத்துவிட்டால் விலை கிடைக்கும். பங்குனியில் ஊரே விற்க நிற்கும், மாடும் எலும்பாக நிற்கும்.

புல்லை வெட்டும் உயரத்திலும் கணக்கு இருக்கிறது. வறட்சியில் தரையோடு தரையாக அறுக்கத்தான் கை போகும். 1955இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் கிரைடர் வெளியிட்ட சோதனையில், பாதி இலையை எடுத்தபோது வேர் வளர்ச்சி ஏறக்குறைய பாதிக்கப்படவே இல்லை. 80 சதவீதத்தை எடுத்தபோது 12 நாள் வேர் அடியோடு நின்றுபோனது. வேர் நின்றால் அடுத்த மழைத் தண்ணீரைக் குடிக்க ஆள் இல்லை. நேப்பியரில் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டினால் போதும்.

தண்ணீர் பற்றி ஒரே வரி: பால் கறக்கும் மாட்டுக்கு நாளுக்கு 60, 70 லீற்றர் வேண்டும், தண்ணீர் குறைந்தால் மாடு முதலில் தீனியைத்தான் குறைக்கும், ஆகவே பீலி வற்றுவதற்கு முன்பே மாற்று ஏற்பாடு வேண்டும்.

கடைசியாக மழை. முதல் மழை பெய்த மூன்றாம் நாள் புல் குபீரென்று பச்சையடிக்கும். அப்போதுதான் கத்தியோடு ஓடக் கூடாது. வறட்சியில் வேர் உறிஞ்சிய நைத்திரேற்று என்ற நைதரசன் உப்பைப் புரதமாக்க இலைக்குத் தெம்பு இருந்திருக்காது, அது அடித்தண்டில் தேங்கிக் கிடக்கும். மழை பெய்ததும் மண்ணிலிருந்து இன்னும் ஏறும். சாணித் தண்ணீரோ யூரியாவோ தாராளமாக ஊற்றிய நேப்பியரில் இது அதிகம். மாட்டின் வயிற்றில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி இரத்தத்தில் கலந்தால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் சொக்லேட் நிறத்துக்குப் போகும். மாடு மூச்சிரைத்து விழும். போதாததற்கு, இரண்டு மாதம் நாருக்குப் பழகிய நுண்ணுயிர்க் கூட்டம் தளதளவென்ற புல்லுக்கு மாற இரண்டு மூன்று வாரம் எடுக்கும்.

அதனால் மாமா கடைசி இரண்டு பீப்பாவை மழைக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பார். வரம்பெல்லாம் பச்சை, மாடு வாசம் பிடித்துக் கத்தும், அத்தை திட்டுவார். அவர் பாட்டுக்கு சைலேஜை அள்ளிப் போட்டு, மேலே ஒரு பிடி புதுப்புல்லைத் தூவுவார். மறுநாள் இரண்டு பிடி. சாணி மறுபடி சொத்தென்று விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கத்தியைத் தீட்டுவார்.