'மாலெதுகாதோ' என்றால் படிக்காதவர் அல்ல

போன வாரம் மறுபடியும் அதே தவறு என் மேஜைக்கு வந்தது. ஸ்பெயினின் செவில் நகரத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய புகார். ஹோட்டல் முன்பதிவை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். போன் எடுத்த பெண் பாதிப் பேச்சில் இணைப்பைத் துண்டித்துவிட்டாராம். கடைசியில் கோபமாக ஒரு வரி: 'எஸ் உனா மாலெதுகாதா'. இதை ஆங்கிலமாக்கியவர், 'அவர் படிப்பறிவில்லாதவர்' என்று பொருள் வரும்படி எழுதி மேலே அனுப்பிவிட்டார். அந்தப் பெண் முதுகலைப் பட்டதாரி. அழுதிருக்கிறார். அவருடைய மேலதிகாரி, 'எங்கள் ஊழியர்களின் கல்வித்தகுதியைக் கேவலப்படுத்த வேண்டாம்' என்று வாடிக்கையாளருக்குக் காட்டமாகப் பதில் போட்டிருக்கிறார். செவில்காரர் கல்வியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

ஸ்பானிஷ்–ஆங்கில மொழிபெயர்ப்புகளைச் சரிபார்ப்பது என் தொழில். இந்த ஒரு சொல்லை எத்தனை முறை திருத்தியிருப்பேன் என்று கணக்கு வைப்பதை விட்டுவிட்டேன். எனவே இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

ஸ்பானிஷில் 'எதுகாதோ' என்றால் மரியாதை தெரிந்தவர், பண்பாகப் பழகுபவர். 'மாலெதுகாதோ' அதன் எதிர்ப்பதம்; பெண்ணைச் சொன்னால் கடைசி எழுத்து மாறி 'எதுகாதா', 'மாலெதுகாதா' என்று வரும். ஆங்கிலத்தின் 'எஜுகேட்டட்' போலவே ஒலிக்கிறது என்பதற்காகப் பள்ளி, பட்டம், எழுத்தறிவு எதையும் இதற்குள் இழுத்துவராதீர்கள். கையெழுத்துப் போடத் தெரியாத கிராமத்துப் பாட்டியை 'முய் எதுகாதா', அதாவது மிகவும் பண்பானவர், என்று மனதாரச் சொல்வார்கள். அந்தப் பாட்டி தன் முறை வரும்வரை காத்திருப்பார், வணக்கம் சொல்லிவிட்டுப் பேசுவார். மூன்று முனைவர் பட்டம் வாங்கிய பேராசிரியர் துப்புரவுப் பணியாளரைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தால் அவர் 'உன் மாலெதுகாதோ'. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசும் பிள்ளையிடம் 'எஸோ எஸ் தெ மாலா எதுகாசியோன்', அதாவது அது பண்பில்லாத செயல், என்று அம்மா சொல்வது பள்ளிக்கூடத்தைக் குறைகூற அல்ல. ஒருவர் படிக்கவில்லை என்று சொல்ல ஸ்பானிஷ்காரர்களிடம் வேறு வழி உண்டு: 'நோ தியெனே எஸ்தூதியோஸ்' என்பார்கள், படிப்பு இல்லை என்று நேரடியாக.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது எங்கே என்றால், தமிழ் பேசும் ஒருவருக்கு இந்தச் சொல் உடனே பிடிபட்டிருக்க வேண்டும். 'வளர்ப்பு சரியில்லை' என்று நாம் சொல்கிறோமே, அதே இடத்திலிருந்து வரும் கோபம்தான் இது. நேராகத் தமிழுக்கு வந்திருந்தால் தப்பித்திருக்கலாம். நடுவில் ஆங்கிலத்தை நிறுத்தியதும், சொல்லின் முகஜாடையைப் பார்த்து ஏமாந்துவிட்டோம்.

இதற்கு அடுத்த தொல்லை, இணையத்தில் சுற்றும் இரண்டு பத்திப் பட்டியல்கள். இடது பக்கம் ஸ்பானிஷ், வலது பக்கம் ஆங்கிலம். மரியாதை இல்லாதவர், வாய்த்துடுக்குக்காரர் இருவருக்கும் ஒரு டஜன் சொல். எல்லாவற்றுக்கும் எதிரே ஆங்கிலத்தில் 'ரூட்' (மரியாதையில்லாதவர்) அல்லது 'சீக்கி' (வாய்த்துடுக்குக்காரர்). மாணவர்கள் இதை மனப்பாடம் செய்துகொண்டு வேலைக்கு வருகிறார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'சீக்கி' என்பதில் பாதி செல்லம் இருக்கிறது. எதிர்த்துப் பேசிவிட்டுச் சிரிக்கும் பேரனைச் சொல்வது அது. 'காராதூரா' என்ற ஸ்பானிஷ் சொல்லுக்கு எதிரே அதைப் போடுவது எவ்வளவு பெரிய பிழை என்று ஸ்பெயினில் ஒரு கடைக்குள் நின்று பார்த்தால் தெரியும்.

அங்கே இறைச்சிக் கடையிலும் மீன் கடையிலும் பல இடங்களில் வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஆட்கள் அங்கங்கே நிற்பார்கள். உள்ளே வருகிறவர் 'கியென் எஸ் எல் உல்திமோ?' என்று கேட்பார். கடைசியாக வந்தவர் யார் என்று அர்த்தம். ஒருவர் கையைத் தூக்குவார். அவருக்குப் பின்னால் நம் முறை, அவ்வளவுதான். அப்புறம் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். இந்தக் கேள்வியைக் கேட்காமல் நேராகக் கல்லாவுக்குப் போய் 'அரைக் கிலோ கொடுங்கள்' என்கிற ஆளைப் பார்த்துத்தான் 'கே காரா!' என்று பின்னாலிருந்து குரல் வரும். 'காரா' முகம், 'தூரா' கெட்டியானது. முகம் கல்லாகிவிட்டதால் கூச்சம் அதில் ஏறுவதில்லை. இன்னும் கொச்சையாகச் சொல்ல 'மோர்ரோ', 'ஹேதா' என்ற சொற்கள் உண்டு, இரண்டும் விலங்கின் மூஞ்சியைக் குறிப்பவை. 'கே மோர்ரோ தியெனே!' என்று சொல்கிறவர் சிரித்துக்கொண்டும் சொல்லலாம், கொதித்துப்போயும் சொல்லலாம். ஆனால் குற்றச்சாட்டு ஒன்றுதான்: அடுத்தவருக்கு உரியதை இவர் கூசாமல் எடுத்துக்கொண்டார்.

'தெஸ்கராதோ'வும் இந்த 'காரா'விலிருந்து வந்ததுதான். வாய் நீளும் குழந்தையிடம் சொன்னால் 'சீக்கி' சரி. 'உன் ரோபோ தெஸ்கராதோ' என்றால் பட்டப்பகல் கொள்ளை. அங்கே போய் 'சீக்கி' என்று எழுதுவீர்களா? எழுதியிருக்கிறார்கள்.

'சின்வெர்குவென்சா' பற்றியும் சொல்லவேண்டும். வெட்கங்கெட்டவன் என்று தமிழில் அப்படியே உட்காருகிறது. அரசியல்வாதிகளுக்கு எதிரான ஊர்வலத்தில் 'சின்வெர்குவென்சாஸ்!' என்று கத்தினால் அயோக்கியர்களே, திருடர்களே என்று அர்த்தம். அடுக்களையில் ஒளித்துவைத்த இனிப்பைத் தின்றுவிட்ட பேரனின் கன்னத்தைக் கிள்ளி ஒரு பாட்டி அதையே சொன்னால் நம் ஊர் 'திருட்டுப்பயலே'. சொல் மாறவில்லை, யார் யாரிடம் சொன்னார் என்பதுதான் மாறியது. பட்டியலில் அதற்கு இடமே இல்லை.

ஓர் இலக்கணச் சங்கதி இருக்கிறது. வகுப்புகளில் அதை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். 'எரெஸ் க்ரோசேரோ' என்றால் நீ மரியாதையில்லாமல் நடக்கிறாய். நடுவில், 'ஒரு' என்று பொருள் தரும் 'உன்' என்ற சிறு ஸ்பானிஷ் சொல்லைச் சேர்த்து 'எரெஸ் உன் க்ரோசேரோ' என்று சொல்லிப் பாருங்கள். நீ ஒரு மரியாதை கெட்டவன் என்று ஆகிவிடும். அது வசவு. எனக்கு வரும் மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே ஆங்கில வரிதான் இருக்கும். அதேபோல ஸ்பெயினில் வெடுக்கென்று பேசுகிறவரைச் சொல்லும் 'போர்தே': 'எஸ்தா போர்தே' என்றால் இன்று சிடுசிடுப்பாக இருக்கிறார்; 'எஸ் போர்தே' என்றால் ஆளே அப்படித்தான். புகாரைப் படித்து நடவடிக்கை எடுக்கப்போகும் அதிகாரிக்கு இந்த வித்தியாசம் தேவையில்லையா?

சரி, கடல் தாண்டி மெக்சிகோவுக்கு வருவோம். அங்கே 'க்ரோசெரீயா' என்றால் பெரும்பாலும் கெட்டவார்த்தை. 'மே திஹோ உனா க்ரோசெரீயா' என்று வாடிக்கையாளர் எழுதினால், ஊழியர் ஆபாசமாகத் திட்டினார் என்கிறார். 'மரியாதைக் குறைவாகப் பேசினார்' என்று மென்மையாக்கி அனுப்பினால், ஒலிப்பதிவை யாரும் கேட்கவே மாட்டார்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டால் 'கே?' என்று, அதாவது 'என்ன?' என்று, கேட்கக் கூடாது, 'மாந்தே?' என்றுதான் கேட்க வேண்டும் என்று சொல்லி வளர்க்கும் வீடுகள் அங்கே ஏராளம். 'உத்தரவிடுங்கள்' என்பதுபோல ஒரு சொல் அது. அப்படி வளர்ந்தவர் காதில் ஸ்பெயின்காரரின் வெறும் 'கே?' அறைந்ததுபோல விழுகிறது. மாட்ரித் பாரில் 'போன்மே உன் கஃபே' என்று கட்டளையாகக் காபி கேட்பது இயல்பு. கொலம்பியாவின் பொகோத்தாவில் 'மே ரெகாலா உன் தின்தோ?' என்று, கறுப்புக் காபியைப் பரிசாகத் தருவீர்களா என்பதுபோலக் கேட்பார்கள். எனவே ஒரு கொலம்பியர் ஒரு ஸ்பெயின்காரரை மரியாதை இல்லாதவர் என்று எழுதியிருந்தால், முதலில் அந்த ஊழியர் எந்த நாட்டு ஸ்பானிஷில் பேசினார் என்று பாருங்கள்.

மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வழங்கும் 'இகுவலாதோ' என்ற சொல்லுக்கு எதிரே 'சீக்கி' என்று பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். தனக்கு மேலே இருப்பவரிடம் சரிக்குச் சமமாக நடந்துகொள்கிறவர் என்பது அதன் பொருள். வீட்டு வேலை செய்யும் பெண் முதலாளியம்மாவைக் கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னால் அவரை 'இகுவலாதா' என்று திட்டுவார்கள். 'எங்களுக்குச் சமமாக நிற்கிறாயா?' என்ற கேள்வியின் சூட்டை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்தச் சொல் வரும் புகார், ஊழியரைவிடப் புகார் எழுதியவரைப் பற்றி அதிகம் சொல்லிவிடுகிறது. அதைக் குறும்பு என்று மாற்றினால் அந்தச் செய்தியை அழித்துவிட்டோம் என்று அர்த்தம்.

பெண்களைப் பற்றி எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். 'ஃப்ரெஸ்கோ' என்று ஓர் ஆணைச் சொன்னால் கூச்சமில்லாதவன். 'ஃப்ரெஸ்கா' என்று பெண்ணைச் சொன்னால் நடத்தையைச் சந்தேகிக்கும் பழைய வசவு அதற்குள் இருக்கிறது. இயந்திர மொழிபெயர்ப்பு இதைப் 'புத்துணர்ச்சியான' என்று கொடுத்தால் மனிதக் கண் அதைப் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் நம்மை வைத்திருக்கிறார்கள்.

தயவுசெய்து சிலதைச் செய்யுங்கள். வசவுச் சொல் வந்தால் அதை மூலத்திலேயே எழுதி, பக்கத்தில் விளக்கம் கொடுங்கள். எந்த நாட்டிலிருந்து வந்தது, யார் யாரிடம் சொன்னது, ஸ்பானிஷ் 'உன்' இருந்ததா இல்லையா என்று குறியுங்கள். நீங்கள் மன்னிப்புக் கேட்கும் கடிதத்தில் 'ரூட்' என்பதற்கு அவசரப்பட்டு 'ரூதோ' போடாதீர்கள். அது முதலில் முரட்டுத்தனத்தைக் குறிப்பது. மெக்சிகோ மல்யுத்த மேடையில் விதியை மதிக்காத அணிக்குப் பெயரே 'ரூதோஸ்'தான், எதிரணி 'தெக்னிகோஸ்'. ஐயம் வந்தால் 2010-இல் வெளிவந்த, அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் ஸ்பானிஷ் சொற்களுக்கான அகராதியைத் திறவுங்கள். ஸ்பானிஷ் மொழிக் கழகங்கள் சேர்ந்து தயாரித்தது. எந்தப் பொருள் எந்த நாட்டில் வழங்குகிறது என்று நாட்டுவாரியாகக் குறித்திருக்கும். கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தச் சொற்களைக் காதால் தெரிந்துகொள்ளுங்கள், வாயால் முயன்று பார்க்காதீர்கள்.

அதிலும் 'கொன்ச்சூதோ' என்ற சொல்லை எங்கும் தூவாதீர்கள். பெருவிலும் கொலம்பியாவிலும் அது கூச்சமில்லாமல் அடுத்தவர் தலையில் சவாரி செய்கிறவரைச் சொல்வது. மெக்சிகோவில் எதற்கும் அசையாத மெத்தனக்காரர். அர்ஜென்டினாவில் அது பெண்ணுறுப்பின் கொச்சைப் பெயரிலிருந்து வரும் மிக மோசமான வசவு. பெருவின் லிமாவிலிருந்து வந்த கோப்புக்குச் செய்த சொல்பட்டியலை அப்படியே அர்ஜென்டினாவின் புவெனோஸ் அயர்ஸ் கோப்புக்கும் ஓட்டுகிறவர்கள், அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.